பூட்டிய இயக்கியும் திறந்த இயக்கியும்

2012ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆந் தேதி, பின்லாந்து நாட்டிலுள்ள ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்வி பதில் நிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் இருந்தவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதத் தொடங்கியவர் அவரே. அவையிலிருந்த ஒருவர் எழுந்து, தாம் வாங்கிய மடிக்கணினியிலுள்ள என்விடியா நிறுவனத்தின் வரைகலைச் சில்லு லினக்ஸின்கீழ் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றும், நிறுவனத்தார் துணைசெய்ய முன்வரவில்லை என்றும் முறையிட்டார். டோர்வால்ட்ஸ் சமாதானம் சொல்லவில்லை. தாமும் தம் தோழர்களும் பழக நேர்ந்த நிறுவனங்கள் யாவற்றுள்ளும் மிக மோசமானது அதுவே என்றார். அவ்வளவோடு நில்லாது, படக்கருவியை நோக்கித் திரும்பி, எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் காட்டினால் தண்டனை பெறத்தக்க ஒரு விரற் சைகையைக் காட்டி, அச்சில் ஏற்றத் தகாத ஒரு சொல்லையும் சொன்னார். அவையோர் சிரித்துக் கைதட்டினர்.

கற்றறிந்த ஒருவர் பொதுமேடையில் இவ்வாறு நிதானம் இழக்கும்படி அங்கே நேர்ந்திருந்தது யாது? அதனை அறிவதற்கு, வரைகலை அட்டை என்பது யாது, இயக்கி என்பது யாது என முதலிற் காணல் வேண்டும்.

இன்று சாதாரணமாக விற்கப்படும் கணினித் திரையொன்றில் குறுக்காக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் உள. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். திரையோ ஒரு விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றது. ஆகவே அசையும் காட்சியொன்றைத் திரை முழுவதிலும் காட்டுவதற்கு, விநாடிதோறும் 12 கோடியே 44 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் குறித்தல் வேண்டும். கணினியின் தலைமைச் செயலி ஆற்றல் மிக்கதுதான். ஆயினும் அது பேரறிஞர் சிலர் கூடிய சபை போன்றது. புள்ளிக்கு நிறம் குறிக்கப் பேரறிஞர் வேண்டியதில்லை. கூட்டலும் பெருக்கலும் மட்டும் தெரிந்த ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் ஒருங்கே அமர்ந்து வேலை செய்தாற் போதும். அத்தகைய கணக்கர் கூட்டமே வரைகலைச் சில்லு ஆகும். அதனைத் தனிப் பலகையில் அமைத்து விற்கும்போது அது வரைகலை அட்டை எனப் பெயர் பெறும். கடைக்காரர் அதனைக் கிராபிக்ஸ் கார்ட் என்பர்.

இக்கணக்கர் கூட்டத்துக்கு வேலை சொல்வது எவ்வாறு? அட்டையினுள்ளே இலக்கமிட்ட சிறு பெட்டகங்கள் பல்லாயிரம் உள. இன்ன பெட்டகத்தில் இன்ன எண்ணை இட்டால் திரை விழிக்கும்; வேறோர் எண்ணை இட்டால் அட்டை சொல் கேளாது நின்றுவிடும். இந்த எண்மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு; ஒரே நிறுவனத்தின் அட்டைகளுள்ளும் தலைமுறைக்குத் தலைமுறை வேறு. அம்மொழியை அறிந்து, இயங்குதளத்துக்கும் அட்டைக்கும் இடையே நின்று ஆணை கொடுக்கும் நிரலே இயக்கி. ஆங்கிலச் சொல்லாகிய டிரைவர் என்பதே பேச்சில் வழங்குகின்றது. பெரஹராவில் யானை செல்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எவ்வளவு பெரிய யானையாயினும், தான் பழகிய சொற்களாற் பாகன் சொன்னால் அல்லது காலை எடுத்து வையாது. பாகனில்லாத யானையை விலைகொடுத்து வாங்கியவனின் நிலை எப்படியிருக்கும்? இயக்கியில்லாத அட்டையை வாங்கியவனின் நிலையும் அதுவே.

உலகிற் பெரும்பாலானோர் தம் மேசைக் கணினிகளில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸைப் பயன்படுத்துவதால், அட்டை செய்யும் நிறுவனங்கள் அதற்கான இயக்கியைத் தாமே எழுதி அட்டையோடு கொடுத்துவிடுகின்றன. லினக்ஸின் கதை வேறு. அதன் மூலநிரல் 1992 முதல் ஜிபிஎல் எனப்படும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகின்றது. எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். கேர்னல் எனப்படும் அதன் மையப் பகுதி ஒன்பது பத்துக் கிழமைகளுக்கு ஒரு தடவை புதுப்பதிப்புப் பெறுகின்றது. ஒவ்வொரு பதிப்பிலும் உட்பகுதிகள் மாறும். மாற்றாமல் வைத்திருப்போம் என்று அதனை எழுதுவோர் எவருக்கும் வாக்களித்ததில்லை. ஆனால் ஒரு முறைமை உண்டு: உட்பகுதியை மாற்றுபவர், அந்த மாற்றத்தாற் பாதிக்கப்படும் இயக்கிகளையும் தாமே திருத்திக் கொடுத்தல் வேண்டும். இயக்கி கேர்னலின் உள்ளே திறந்த நிரலாக இருந்தால் இந்தக் கவனிப்பு அதற்குத் தானாகக் கிடைக்கும். அது வெளியே பூட்டிய பொருளாக இருந்தால், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதனைப் பொருத்திக்கொடுக்கும் சுமை அந்த நிறுவனத்தையே சாரும். நிறுவனம் சிறிது தாமதித்தாலும் பயனாளரின் திரை இருண்டுவிடும். இரவில் கணினியைப் புதுப்பித்துவிட்டு உறங்கி, காலையில் எழுந்து கறுப்புத் திரையைப் பார்த்துத் திகைத்த லினக்ஸ் பயனாளர் கொஞ்சமல்லர்.

என்விடியா லினக்ஸுக்கு இயக்கியே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது அநீதியாகும். கொடுத்தது; நல்லதாகவே கொடுத்தது. திரைப்படத் தொழிலிலும் பொறியியல் வரைபடத் துறையிலும் லினக்ஸைப் பயன்படுத்தியவர்கள் அந்த இயக்கியின் வேகத்தை மெச்சினார்கள். குறை வேகத்தில் இல்லை. அதன் மூலநிரல் பூட்டப்பட்டிருந்தது. பூட்டுவதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள் சில: அட்டையின் அமைப்பு இரகசியங்கள் போட்டியாளர் கையிற் போய்விடும், பிறரிடம் உரிமம் பெற்ற பகுதிகளை வெளியிட முடியாது, காப்புரிமை வழக்குகள் எழும். இவற்றை வீண்சாட்டு என்று தள்ளிவிட முடியாது. எனினும் 2008ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கேர்னலை எழுதுவோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு, பூட்டிய இயக்கிகள் பயனாளருக்கும் நிறுவனங்களுக்கும் லினக்ஸுக்கும் தீங்கானவை எனப் பகிரங்க அறிக்கை விட்டனர். நான்காண்டுகளின் பின் ஆல்டோவில் வெடித்த கோபத்தின் வேர் அவ்வறிக்கையிலேயே காணக்கிடக்கின்றது.

யானையின் சொற்களை உரியவன் சொல்லித்தர மறுத்தால், பாகன் பேசும்போது ஒளிந்திருந்து கேட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதையே சிலர் செய்தனர். 2006ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரரான ஸ்தெபான் மார்ஷெசான் என்பார் தொடங்கிய அம்முயற்சியின் பெயர் நூவோ. பிரெஞ்சு மொழியிற் 'புதியது' என்பது அதன் பொருள். என்விடியா வெளியிட்டிருந்த எளிய இயக்கியொன்றின் பெயர் என்வி. அந்த இரண்டெழுத்தைத் தட்டெழுதும்போதெல்லாம் மார்ஷெசானின் உரையாடல் நிரல் அதனைத் தன்பாட்டிலே 'நூவோ' என மாற்றிவிடுமாம். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

அவர்கள் கையாண்ட முறை பொறுமை மிக்கவர்க்கே இயலும். பூட்டிய இயக்கி அட்டையோடு பேசும் ஒவ்வோர் எண்ணையும் பதிவு செய்ய ஒரு கருவியை அமைத்தார்கள். பின்னர் ஒரு சதுரத்தை வரையச் செய்து பதிவெடுத்தார்கள். அதே சதுரத்தை வேறு நிறத்தில் வரையச் செய்து மீண்டும் பதிவெடுத்தார்கள். இரு பதிவுகளையும் அருகருகே வைத்து, எந்தப் பெட்டகத்தில் எண் மாறியது என்று தேடினார்கள். அவ்வாறு மாறிய பெட்டகமே நிறத்துக்குரியது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, ஆண்டுக்கணக்கிலே!

வரலாறு படித்தவர்களுக்கு இங்கே வேறொரு முயற்சி நினைவுக்கு வரும். 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் சாஞ்சித் தூபியின் கல்வேலியிற் கண்ட சிறு சாசனங்கள் பலவற்றை ஒப்புநோக்கினார். அவற்றுட் பல ஒரே வகையான எழுத்துக்களில் முடிவதைக் கண்டார். அடியார் கொடுத்த கொடைகளைக் குறிப்பன ஆதலால் அவ்வீற்றுச் சொல் 'தானம்' என்பதாகவே இருத்தல் வேண்டும் என ஊகித்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பிராமி எழுத்துக்களை வாசித்தார். அவர் வாசித்த பியதசி என்னும் மன்னன் அசோகனே என்பதை, இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் டேணர் இங்கிருந்த பாளி நூல்களின் துணைகொண்டு எடுத்துக்காட்டினார். பிரின்செப்புக்கு எதிரே இருந்தது காலத்தால் மறைந்துபோன மொழி வழக்கு. நூவோக் குழுவினருக்கு எதிரே இருந்ததோ, அன்றாடம் பேசப்பட்டுக்கொண்டே வேண்டுமென்று மறைக்கப்பட்ட மொழி. எது கடினம் என்பதைக் கேட்போரே தீர்மானிக்கட்டும். 2010ஆம் ஆண்டு வெளிவந்த கேர்னலின் 2.6.33ஆம் பதிப்பில் நூவோ இயக்கி இடம்பெற்றது.

இந்த உழைப்பின் மேல் 2014ஆம் ஆண்டில் ஓர் இடி விழுந்தது. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை அட்டைகள் முதலாக, அட்டையினுள் ஏற்றப்படும் உள்நிரல் என்விடியாவின் மறைக்குறியீட்டுக் கையொப்பம் பெற்றிருந்தாலன்றி அட்டை அதனை ஏற்காது என்னும் ஏற்பாடு வந்தது. பாகனின் சொல்லைக் கற்றிருந்தாலும் போதாது. அரண்மனை முத்திரையும் வேண்டும் என்றாயிற்று. நிறுவனம் பின்னர்ச் சில கையொப்பக் கோப்புக்களை வழங்கியது உண்மை. ஆனால் அட்டையின் வேகத்தை ஏற்றி இறக்கும் பணிக்கு வேண்டிய கோப்பு அவற்றுள் இல்லை. அதன் விளைவாக, நூவோவின்கீழ் இவ்வட்டைகள் கணினி விழிக்கும்போது இருந்த மந்த வேகத்திலேயே நின்றுவிடுகின்றன. விலையுயர்ந்த அட்டையொன்று கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் பயன்பட்டு, அதற்கு மேல் நடவேன் என்று படுத்துக்கொள்கின்றது.

இனி மற்ற வீட்டுக்கு வருவோம். ஏடிஐ என்னும் அட்டை நிறுவனத்தை 2006ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில், தன் சில்லுகளின் எண்மொழியை விளக்கும் ஆவணங்களை வெளியிடுவதாகவும் திறந்த இயக்கிக்குத் துணைநிற்பதாகவும் அது அறிவித்தது. தொடக்கத்தில் அத்திறந்த இயக்கி தட்டுத்தடுமாறியே நடந்தது. வேகம் வேண்டியோர் ஏஎம்டியின் பூட்டிய இயக்கியையே நாடினர். 2015ஆம் ஆண்டில் ஏஎம்டிஜிபியு என்னும் புதிய திறந்த இயக்கி கேர்னலிற் சேர்ந்த பின்னரே நிலைமை மாறியது.

திறந்த வீடு என்றதும் யாரும் எதையும் கொண்டுவந்து போடலாம் என்று எண்ணுதல் தவறு. 2016ஆம் ஆண்டு டிசம்பரில், திரைக்குப் படம் அனுப்பும் பகுதிக்கான பல்லாயிரம் வரி நிரலை ஏஎம்டி கொண்டுவந்தது. கேர்னலின் வரைகலைப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த டேவ் ஏர்லி அதனை ஏற்க மறுத்துவிட்டார். வேறு இயங்குதளங்களுக்கும் பொதுவாக எழுதப்பட்ட அந்நிரலின்மேல் போர்த்தியிருந்த இடைப்போர்வையை நீக்கி, லினக்ஸின் முறைப்படி எழுதி வருமாறு சொன்னார். பெரிய நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுப்பதை ஒருவர் திருப்பி அனுப்புவதா என்று பலர் வியந்தனர். நிறுவனத்தாரோ கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஓராண்டு இருந்து திருத்தினர். 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. இன்டெல் நிறுவனம் நெடுங்காலமாகவே தன் சில்லுகளின் இயக்கியைத் திறந்தே எழுதி வருவதால், அங்கே சண்டையும் குறைவு, சொல்லத்தக்க கதையும் குறைவு.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரும் எதிர்பாராத செய்தி வந்தது. என்விடியா தன் இயக்கியில் கேர்னலோடு சேரும் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. மனம் மாறியதா? செயற்கை நுண்ணறிவுக் கணிப்புக்காக அந்நிறுவனத்தின் சில்லுகளைக் கட்டுக்கட்டாக வாங்கும் பெருங் கணினிக்கூடங்கள் பெரும்பாலும் லினக்ஸிலேயே இயங்குகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், மனத்தை விடப் பணமே மாறியிருத்தல் கூடும் என்று எண்ணத் தோன்றுகின்றது. திறந்தது எவ்வளவு என்பதையும் கவனித்தல் வேண்டும். முன்பு இயக்கியிலே இருந்த வேலைகளிற் பெரும்பகுதியை, அட்டைக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்னும் தனிச் செயலி செய்யும்படி மாற்றியிருந்தார்கள். அச்செயலியில் ஓடும் உள்நிரல் இன்றும் பூட்டியே இருக்கின்றது. வாயிற்கதவின் பூட்டைக் கழற்றி உள்ளறைக் கதவில் மாட்டினாற் போல! ஆயினும் வாயில் திறந்ததே ஒரு நன்மைதான். அந்த உள்நிரலைப் பயன்படுத்தி வேகம் ஏற்றும் வழி நூவோவுக்கும் கிடைத்தது. வல்கன் எனப்படும் வரைகலை இடைமுகத்துக்கு என்விகே என்னும் திறந்த நிரலை பெய்த் எக்ஸ்ட்ராண்ட் என்பவரும் தோழர்களும் எழுதினர். கேர்னலுக்காக நோவா என்னும் புதிய இயக்கி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு வருகின்றது.

ஆனால் ஜிஎஸ்பி என்னும் செயலி 2018ஆம் ஆண்டில் வந்த தூரிங் தலைமுறை அட்டைகளிலும் அதற்குப் பிந்தியவற்றிலுமே உண்டு. 2014க்கும் 2018க்கும் இடையே வந்த 900, 1000 வரிசை அட்டைகள் இரண்டுங்கெட்டான் நிலையில் அகப்பட்டுக்கொண்டன. பழையவை போல முத்திரையின்றிச் சொல் கேட்கவும் அவற்றால் இயலாது. புதியவை போல உள்ளறைச் செயலியும் அவற்றில் இல்லை. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 அவற்றுள் ஒன்று. கணினி விளையாட்டாளரிடையே பல ஆண்டுகள் உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட அட்டை அதுவே. 2025ஆம் ஆண்டில் என்விடியா, தன் 580 வரிசை இயக்கியே இவ்வட்டைகளை ஏற்கும் கடைசி வரிசை என அறிவித்துவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன்பின் மாறிக்கொண்டேயிருக்கும் கேர்னலோடு அந்தப் பூட்டிய இயக்கியைப் பொருத்திக்கொடுக்க எவரும் கடமைப்பட்டவரல்லர்.

இதனோடு 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த ரேடியன் எச்டி 7970 என்னும் ஏஎம்டி அட்டையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1060ஐ விட நான்காண்டு மூத்தது. விண்டோஸில் அதற்குப் புதிய இயக்கி கொடுப்பதை ஏஎம்டியே 2021இல் நிறுத்திவிட்டது. ஆனால் லினக்ஸில் அதன் நிரல் திறந்து கிடந்தது. விளையாட்டு நிறுவனமாகிய வால்வின் பொருட்டு உழைக்கும் ஒரு நிரலாளர் 2025ஆம் ஆண்டில் அப்பழைய அட்டைகளை எடுத்து, அவற்றிலிருந்த குறைகளை ஒவ்வொன்றாக நீக்கி, புதிய ஏஎம்டிஜிபியு இயக்கியின்கீழ் கொண்டுவந்தார். கேர்னலின் 6.19ஆம் பதிப்பு முதல் அவை அந்த இயக்கியிலேயே இயல்பாக இயங்குகின்றன. முன்பு சிரமப்பட்டே பெறக்கூடியதாயிருந்த வல்கன் வசதியும் தானாகவே கிடைக்கின்றது. செய்தவன் கைவிட்ட பொருளை வேறொருவன் எடுத்துப் பழுதுபார்த்தான். அவனுக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டி இருக்கவில்லை. புதுக் கணினி வாங்கும் வசதி எல்லா வீடுகளுக்கும் இல்லை. ஒருவர் கழித்துவிட்ட கணினியை இன்னொருவர் வாங்கிப் பிள்ளையின் படிப்புக்கு வைப்பது எங்கும் உள்ள வழக்கம். அத்தகைய வீட்டுக்கு இந்த வேறுபாடு சிறிய வேறுபாடன்று.

பழைய கணினி வாங்கி லினக்ஸ் நிறுவ எண்ணுவோர் விலையைக் கேட்கு முன் அட்டையின் பெயரைக் கேட்பது நலம். இன்டெல், ஏஎம்டி சில்லாயின் பெரும்பாலும் வேறெதுவும் நிறுவாமலே திரை விழிக்கும். என்விடியாவாயின் தலைமுறையையும் விசாரித்தல் வேண்டும். பூட்டிய இயக்கியை நிறுவிய பின் திரை இருண்டால் உடனே அட்டை பழுது என்று முடிவு கட்டலாகாது. கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் முந்திய கேர்னலைத் தெரிந்து ஏறினால் பெரும்பாலும் திரை மீளும். செக்கியூர் பூட் என்னும் காப்பு இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பமில்லாத இயக்கியைக் கேர்னல் உள்ளே விடாது என்பதும் பலர் அறியாமல் இடர்ப்படும் இடம்.

நூவோவை நெடுங்காலம் பேணியவர் பென் ஸ்கெக்ஸ். ரெட் ஹட் நிறுவனத்திற் பணியாற்றிக்கொண்டு, ஒவ்வொரு தலைமுறை அட்டையின் எண்மொழியையும் வெளியிலிருந்து கற்று எழுதியவர். 2023ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். இத்தனை ஆண்டு உழைப்பின் பின் களைத்துப்போனார் என்றே எல்லோரும் எண்ணினர். 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் நூவோவுக்கான 156 திருத்தங்கள் ஒரே தொகுதியாக வந்தன. அனுப்பியவர் அதே ஸ்கெக்ஸ். அனுப்பிய முகவரி என்விடியா நிறுவனத்தினுடையது. வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டவரை அந்நிறுவனமே உள்ளே அழைத்து வேலை கொடுத்திருந்தது. புதிய அட்டைகளுக்கு ஏற்ப நூவோவின் அமைப்பைச் சீர்செய்வதே அத்தொகுதியின் நோக்கம். 1060ஐ மந்த வேகத்திலிருந்து எழுப்பும் முத்திரை அதில் இருக்கவில்லை.